வரிக்குப் பயந்து எருமையை நாடு கடத்தியது

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு பஞ்சுக் கம்பெனியின் கிளைக்கு மேனேஜராக இருந்தேன். சம்பளம் மெல்ல ஏறி வருமான வரிக்குள் கால் வைத்தது. ஊரார் கண்ணில் அது கௌரவம், எனக்குத் தண்டச் செலவு. மாதாமாதம் இரண்டு பிடித்தம். ஒன்று வரி, இன்னொன்று வேலையை விட்ட பிறகு கைக்கு வரும் சேமநிதி. இரண்டுமே போன பணம் என்று நினைத்துச் சும்மா இருந்திருப்பேன். எங்கள் தலைமைக் கிளார்க்கு அண்ணாச்சிதான் கெடுத்தார்.

"சேமநிதிக்குக் கட்டுத பணத்துக்கு வரிச் சலுகை உண்டும் வே, சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு வரைக்கும். மதுரை ஹெட் ஆபீஸ்ல அதைக் கழிக்காம முழுசுக்கும் வரி பிடிச்சிருக்காவ. ரீபண்டு கேட்டு எழுதிப் போடும்."

ரீபண்டு வந்தால் அடுப்படிக்கு ஓடு மாற்றலாம். ஐப்பசி மழைக்குள் மாற்றாவிட்டால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி என்று மனைவி அறிவித்திருந்தாள். எழுதிப் போட்டேன்.

திருநெல்வேலி வருமான வரி ஆபீசிலிருந்து பதில் வந்தது. சம்பள விவரத்துடன் நேரில் வரவும். அவ்வளவுதான்.

ஓடு கிடக்கட்டும், சர்க்காரிடம் நானாகக் கையைத் தூக்கி 'இங்கன ஒருத்தன் இருக்கேன்' என்று காட்டிக்கொடுத்திருக்கிறேன்! இனி எல்லாவற்றையும் கிண்டுவார்கள். கிண்ட என்ன இருக்கிறது? எருமை இருக்கிறது. அதன் பாலை என் மனைவி நாலு வீட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கணக்கில் காட்டாத வருமானம்!

மறுநாளே எருமையைப் பனவடலிசத்திரத்தில் இருந்த மச்சினன் வீட்டுக்கு ஓட்டிவிட்டேன்.

"திருநெல்வேலி ஆபீசர் நம்ம தொழுவத்தையா எட்டிப் பார்க்கப் போறாரு?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சர்க்காருக்கு ஆயிரம் கண்ணு."

"அந்த ஆயிரம் கண்ணுக்கும் பனவடலிசத்திரம் மட்டும் தெரியாதாக்கும்!"

நேரே கோவிலுக்குப் போனேன். பாம்புக்கும் தேளுக்கும் பயந்தவர்கள் தகட்டில் செய்த உருவம் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். இன்கம்டாக்ஸுக்கு எதைப் போட வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்டேன். "அதுக்குன்னு தனியாத் தகடு வரல சார். பாம்பு, தேள் ரெண்டையும் போட்டிருங்க" என்றார். போட்டேன்.

ஏழையாகத் தெரிய வேண்டுமே என்று, ஒட்டுப்போட்ட சட்டையை மாட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் மணி கேட்டுக் கேட்டே பக்கத்தில் இருந்தவரை வேறு இடத்துக்கு விரட்டினேன்.

ஆபீசர் வடக்கத்தி மாவட்டத்துக்காரர், என்னைவிடச் சின்ன வயது. சேமநிதி அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டார். கம்பெனியின் சான்றைக் கொடுத்தேன். படித்தார். படித்துக்கொண்டே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு எருமைதான் சார்."

"என்னது?"

"நாலு வீட்டுக்குத்தான் சார் பால் ஊத்துதோம். அதையும் இப்ப அனுப்பியாச்சு."

பேனாவை மூடினார். "எருமைக்கும் சேமநிதி பிடிக்கிறீங்களா?"

"இல்ல சார்."

"பால்ல என்ன மிஞ்சும்?"

"பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வாங்கினா, என் கைக்காசைத்தான் சார் போடுதேன்."

"நஷ்டத்துக்கு நாங்க வரி போடறதில்லை. மாட்டை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "இந்தச் சான்றைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன். ரீபண்டு வரும். நீங்க கட்டின சேமநிதிப் பணம் வராது, அதுக்குன்னு கூடுதலாப் பிடிச்ச வரி மட்டும்தான். இனிமே கம்பெனிக்கு முதல்லயே எழுதிக் கொடுத்திடுங்க. மாசப் பிடித்தத்தையே குறைச்சிடுவாங்க."

எருமையும் திரும்பி வந்தது, பணமும் வந்தது. அடுப்படியில் பாதிக்குத்தான் ஓடு மாற்ற முடிந்தது. அடுப்பு இருந்த பாதியை மனைவி தேர்ந்தெடுத்தாள். மீதிப் பாதியில் மழைக்கு அண்டா வைத்தோம்.

ஆபீசர் சொன்னபடி மதுரைக்கும் எழுதினேன். சம்பளம் கொஞ்சம் கூடி வந்தது. அதை வீட்டில் கொடுத்துவிட்டு உடனே அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"வரியைக் குறைச்சுப் பிடிச்சிருக்காவளே, பின்னால மொத்தமாக் கேட்டிருவாவளோ?"

"கூடப் பிடிச்சாலும் அலறுதீரு, குறைச்சாலும் அலறுதீரு. உமக்கு என்னதான் வே செய்யணும்?"

எதற்கும் திருநெல்வேலிக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடலாம் என்று வீட்டுக்கு வந்து காகிதம் தேடினேன். அதற்குள் என் மனைவி அந்தக் கூடுதல் பணத்தை ஓட்டுக்காரரிடம் முன்பணமாகக் கொடுத்திருந்தாள்.