மூடிய டீவிக்கும் சந்தா

பளீலா இத்தாவில், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் காலத்தில், இருந்தாள். கணவன் அபூசாலி மௌத்தானதிலிருந்து அவள் வாசல் திரையைத் தாண்டவில்லை. முன்னறை டீவிமேல் யாரோ படுக்கை விரிப்பொன்றைப் போட்டிருந்தார்கள். யாரென்று அவளுக்கு ஞாபகமில்லை. அழுகையும் வரவில்லை. மகள் ஜுமானா சோறு வைத்தால் தின்றாள், தேத்தண்ணி தந்தால் குடித்தாள்.

மன்னாரிலிருந்து முஸ்லிம் சனம் துரத்தப்பட்டபோது உம்மாவின் இடுப்பில் கற்பிட்டிக்கு வந்தவள் அவள். முகாமில் வளர்ந்தாள், வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றாள், கடல்காரன் அபூசாலிக்கு வாழ்க்கைப்பட்டாள். வெங்காயம் நல்ல விலை போன வருசத்தில் டீவி வாங்கினார்கள். டிஷ் பூட்ட அபூசாலி சம்மதிக்கவில்லை.

"அரசாங்க டீவி சும்மா வருது. கடல் காத்தும் சொல்றான். பொறகென்ன?"

சோழகக் காற்று அன்டனாவைத் திருப்பிவிடும். அவன் வெளியே அன்டனாக் குழாயைத் திருகியபடி, "வந்திச்சா?" என்பான். உள்ளேயிருந்து இவள், "இன்னும் கொஞ்சம்" என்பாள்.

ஒருநாள் காலை மரியநாயகம் வந்தார். சிலாபத்துக்காரர், வீடு வீடாகக் கருத்துக் கேட்கிறவர். பளீலா திரைக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"அரசாங்க டீவி நடத்தக் காசு காணாதாம் அக்கா. பாக்கிற சனம் எப்பிடிக் குடுக்கலாமெண்டு கேக்கிறம். லைட் பில்லோட சேத்தா, வருசத்துக்கு ஒருக்காவா, இல்ல பாக்கிற வீடு மட்டும் காசு குடுத்துக் காட் வாங்கிப் போட்டா?"

"டீவி இல்லையெண்டு சொல்லுங்க உம்மா," என்றாள் ஜுமானா குசினிக்குள்ளிருந்து.

மரியநாயகம் சிரித்தார். "கூரையில அன்டனா நிக்குதே, மகள்! ஆரு கூடுதலாப் பாக்கிற?"

"அவர்தான்," என்றாள் பளீலா. "செய்தியும் காத்து நிலவரமும் பாக்காம உடமாட்டார்."

"அப்ப அவரிட்டயே கேக்கலாம். கடலுக்கா போயிருக்கார்? எப்ப வருவார்?"

ஜுமானாதான் சொன்னாள்: "வாப்பா மௌத்து."

"ஐயோ, தெரியாது அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்க." அவர் குரல் தணிந்தது. "டீவி பாக்காத வீடெண்டு போட்டுடுறன். என்ன வந்தாலும் உங்களுக்கு ஒண்டும் வராது."

பாக்காத வீடு. பளீலா அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. பாக்கிற வீடெண்டே போடுங்க."

"மூடிக் கிடக்கிற பொட்டிக்கும் காசா?" ஜுமானா வெளியே வந்துவிட்டாள். "வாப்பா இருந்தா ஒரு சதம் குடுப்பாரா?"

"குடுக்கமாட்டார். ஏசியிருப்பார்."

"அப்ப எப்பிடிக் கட்டினா நல்லம் அக்கா?"

"பள்ளிவாசல் சந்தா மாதிரி. தொழ வந்தவன், வராதவன் எண்டு பாக்கிறல்ல. எல்லா வீடும் குடுக்கும். ஏலாதவன்ட்ட கேக்கிறல்ல. காட் போட்டா, கையில காசில்லாத நாள் கடலுக்குப் போறவனுக்குக் காத்தை ஆரு சொல்ற?"

அவர் எழுதிக்கொண்டு போனார். இவ்வளவு பேச்சு தன்னிடம் எங்கே கிடந்தது என்று பளீலாவுக்கு விளங்கவில்லை. ஜுமானா வைத்திருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

பின்னேரம் சோழகம் எழும்பி, கூரையில் அன்டனா கிறீச்சிட்டது.

"அதைத் திருப்பி உடு புள்ள."

"டீவியே போடுறல்லயே உம்மா!"

"திருப்பு."

முணுமுணுத்துக்கொண்டே ஜுமானா வெளியே போய்க் குழாயைப் பிடித்துத் திருகினாள். "சரியா?"

பளீலா விரிப்பு மூடிய டீவியைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.