செருப்புச் சோடியும் கொஹீசினும்

கொஹீசின் என்றொரு புரதம் இருக்கிறது. கலம் பிரிகிற நேரம் வரும்வரை நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, சோடி சோடியாகப் பிணைத்து வைத்திருப்பது அதன் வேலை. எல்லாம் வரிசையில் வந்து நின்றபின் இன்னொரு புரதம் வந்து அந்தக் கட்டைக் கத்தரிக்கும். சோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். மாத்தளை டவுனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற நான் பதினான்கு வருடமாக இதைப் பலகையில் வரைகிறேன். வெண்கட்டி தேய்ந்ததுதான் மிச்சம். பிள்ளைகள் பரீட்சையில் கட்டுக்குக் கத்தரியின் பெயரையும் கத்தரிக்குக் கட்டின் பெயரையும் எழுதிவிட்டு, "டீச்சர், லேசான பேப்பர்" என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

அவர்களைச் சொல்லி என்ன பயன், அதே பாடத்தில் நானும் ஒருமுறை கோட்டை விட்டவள்தான். அது என் அக்காவிடம்.

அக்கா எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, நாற்பத்தொரு வயதில் உண்டாகி ஒரு மகளைப் பெற்றாள். மகளுக்கு டவுன் சின்ட்ரோம். இருபத்தோராம் நிறமூர்த்தம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. இப்போது அவளுக்கு நாலு வயது. நான் போனால் முதல் வேலையாக என் கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொள்வாள். பை நிறையப் பணிஸ் கொண்டுபோனாலும் நான் கடித்துக்கொண்டிருப்பதுதான் வேண்டும். கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தால் போதும், எழும்பி நின்று ஆட்டம். அந்த லயத்து வரிசை வீடுகளில் அவளை விடப் பெரிய துரை கிடையாது.

அக்காதான் சிரிப்பை மறந்திருந்தாள். வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது ஒரு கிரகணம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் அன்று கத்தி தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. அக்காவுக்கோ அகோரப் பசி. யாரும் பார்க்காத நேரம் குசினிக்குள் உட்கார்ந்து ஒரு பலாக்காயை வெட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு அவளாகவே அதை எல்லோரிடமும் சொல்லி அழுதாள். அத்தான் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அக்காதான் விடவில்லை. "நான்தான் வெட்டிப்புட்டேன், நான்தான் வெட்டிப்புட்டேன்" என்று நாலு வருடம். வேலைக்குப் போகும்போது பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான புள்ள மடுவத்தில் விடமாட்டாள். அங்கே மற்றத் தாய்மார் ஏதாவது கேட்பார்களாம். அத்தான் வீட்டிலிருக்கிற நாளில் மட்டும்தான் கொழுந்துக்குப் போவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் நான் பொறுமை இழந்து, வகுப்பறைக் குரலிலேயே ஆரம்பித்தேன்.

"கெரகணமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நாப்பது வயசுக்கு மேல உண்டானா இப்புடி ஆக வாய்ப்பு கூட. வயசுதான் காரணம். வெளங்குச்சா?"

ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள்.

"அப்ப கெரகணம் இல்ல," என்றாள். "நான்தான்."

ஐயோ, என் வாயை எதைக் கொண்டு அடைப்பது! அதுவரை பாதிப் பழியையாவது ஆகாயம் சுமந்துகொண்டிருந்தது. நான் படித்த படிப்பால் அதையும் இறக்கி அவள் தலையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இந்த வருடம் டவுனில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு தொடங்கினார்கள். நான் போய்ப் பேசி இடம் பிடித்தேன். திங்கட்கிழமை தாயும் மகளும் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைக்குப் புதுச் செருப்பு ஒரு சோடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேணாம்டி. அங்க வர்ற தாய்மாருங்க ஏன் இப்புடின்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

அவளுக்கு மறுமொழி இல்லாததால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. விஷயம் அவ்வளவுதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. செருப்புச் சோடியைச் சேர்த்துக் கட்டியிருந்த நைலோன் நூலை அறுக்கும்போதுதான் மண்டையில் தட்டியது. கடைப் பார்சல்களில் வருகிற ரப்பர் பேண்டுகளை அக்கா காம்பராச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருப்பாள். அதில் ஒன்றை எடுத்து இரண்டு செருப்பையும் சேர்த்து மாட்டினேன்.

"இங்க பாரு. இதுல ஒண்ணு உன் பக்கம் போவணும், ஒண்ணு என் பக்கம் வரணும். நேரம் வர்ற வரைக்கும் இந்த ரப்பர் பேண்ட் புடிச்சிக்கிட்டு இருக்கணும். ஒடம்புக்குள்ள அதுக்குப் பேரு கொஹீசின்."

அதற்குமேல் பாடம் நடத்த அக்கா மகள் விடவில்லை. செருப்பு தன்னுடையதாம், "எந்து!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். பேண்ட் பட்டென்று அறுந்தது. இரண்டு செருப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

"பாத்தியா!" என்று நான் துள்ளினேன். "ரெண்டும் ஒரே பக்கம் போயிருச்சு! அத்தான் பக்கத்து ஒண்ணும் சேர மூணு! இதேதான்க்கா, இதேதான் நடந்துச்சு!"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கீழே கிடந்த பேண்டைக் குனிந்து எடுத்தாள். "பழசுடி இது. நைஞ்சுபோச்சு."

"ஆமா. உனக்குள்ள இருந்த கட்டு எப்ப போட்டது தெரியுமா? நீ அம்மா வயித்துல இருக்கும்போதே போட்டது. பொம்பளப் புள்ளைக்கு முட்டையெல்லாம் பொறக்க முன்னயே உண்டாயிரும். அன்னைக்குப் போட்ட கட்டுதான், பொறகு புதுசா மாத்துறதில்ல. சின்ன வயசுக்காரிக்கும் சில நேரம் நழுவும். நாள் போவப் போவ தளர்ந்து நழுவுறது கூட."

"நான் பொறக்க முன்னயா?"

"பொறக்க முன்ன."

அக்கா விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு எழும்பி அடுப்புப் பக்கம் போய்விட்டாள். சரி, இந்த முறையும் பெயில் என்று நினைத்துக்கொண்டு அன்றிரவு நான் அங்கேயே படுத்தேன்.

விடியக் காலையில் பார்த்தால், அக்கா நல்ல சேலையில் நிற்கிறாள். மகளுக்குத் தலை சீவிப் பவுடர் பூசியாகிவிட்டது. "என்னடி தூக்கம், பஸ் போயிரும்" என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா மகள் அவரைப் பார்த்துக் கையாட்டினாள். கடைசியில் அவர் கேட்டே விட்டார்: "புள்ள ஏம்மா இப்புடி இருக்கு?"

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கை வைத்து அழுத்தினாள்.

"எனக்குள்ள ஒண்ணு இருந்துச்சுங்க," என்றாள் அந்த அம்மாவிடம். "நான் பொறக்க முன்னயே புடிச்சது. நாப்பத்தொரு வருசம் விடாமப் புடிச்சிக்கிட்டே இருந்துச்சு. பாவம், கை ஓஞ்சிபோச்சு. அதத் திட்ட முடியுங்களா?"

அந்த அம்மாவுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. "அதெப்புடிம்மா திட்டுறது," என்றார்.

"அதான்," என்றாள் அக்கா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, டவுன் வரும்வரை அழுதேன்.