கழுத்துக்கு ஒரு டக்

போன மாசம் என் மச்சினன் டில்லியின் கழுத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு என்னுடையது. வேறு எவனாவது அந்தப் பெருமையைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டில்லிக்கு இருபத்தாறு வயசு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிக்குக் கம்பி ஏற்றுகிறவன். எண்ணூர் ரோட்டில் முன்னால் போன கன்டெய்னர் லாரி சடன் பிரேக் போட, பைக்கோடு போய் முட்டினான். ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றியது. ஆனால் ரெண்டு வாரமாகக் கழுத்து வலி. விரல் மரத்துப்போய், சட்டை பட்டன் போடவே தடுமாறினான்.

"இந்த வயசுல எலும்பாவது ஒண்ணாவது... சுளுக்குடா!" என்றேன். நான் படித்தது பி.காம். அதிலும் ரெண்டு அரியர்.

நேராக நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூனுக்குக் கூட்டிப்போனேன். கட்டிங் முடிந்ததும் கடைக்காரர் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு டக், அந்தப் பக்கம் ஒரு டக்... நம்ம ஏரியாவில் இதற்குப் பெயர் வைத்தியம்! முதல் டக்கிலேயே டில்லி அலறினான்.

"மாமா, ரெண்டு கையிலயும் ஷாக் அடிக்குது!"

ஓடினோம் ஆஸ்பத்திரிக்கு. முதலில் காலர் மாட்டினார்கள். கையை மூடித் திறக்கச் சொன்னார்கள், முட்டியில் சுத்தியலால் தட்டினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில், டாக்டரம்மா பக்கத்திலேயே நிற்க, குனிந்து ஒரு எக்ஸ்ரே, நிமிர்ந்து ஒரு எக்ஸ்ரே. குனிந்ததில் ஒரு எலும்பு முன்னால் வழுக்கி நின்றது.

"எலும்பைப் பிடிச்சு வெச்சிருக்கிற நார் அறுந்திருக்கு. இன்னொரு திருகு திருகியிருந்தா கை, கால் நாலும் போயிருக்கும். யாரு இந்த ஐடியா குடுத்தது?"

டில்லி கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

பைக்கில் செயின் லூசானால் மெக்கானிக்கைத் தவிர எவனையும் தொட விடமாட்டோம். கழுத்து லூசானால் மட்டும், கை இருக்கிறவன் எல்லாம் டாக்டர். என்ன ஒரு புத்திசாலிக் கூட்டம்! தலைவர், வேறு யார்... நான்தான்.

பிளேட், ஸ்குரு வைத்து ஆபரேஷன் நடந்தது. இப்போது பட்டனை அவனே போடுகிறான். திரும்பக் கம்பி தூக்கலாமா என்பதை டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்.

"இன்னாத்துக்கு நைனா ஆபரேஷன்லாம்? நம்ம தோஸ்து ஒர்த்தன் கீறான். ஒரே இழுப்பு, வலி பூடும்!"

அவருக்குப் பின்னால் வந்த நாலு பேரிடமும் ஆளுக்கொரு தோஸ்து இருந்தான். டில்லி என்னிடம் கிசுகிசுத்தான். "மாமா, வேணாம்னு என்னால தலையாட்ட முடியல. எனக்குப் பதிலா நீ ஆட்டேன்."

சாயந்திரம் வரைக்கும் ஆட்டினேன். இப்போது என் கழுத்து லேசாக வலிக்கிறது... தயவுசெய்து யாரும் உதவிக்கு வந்துவிடாதீர்கள்!