பாத்துச் செய்றேன்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் நிறுத்துப் போடுபவரிடம், "பாத்துச் செய்ங்கண்ணே" என்றார். சட்டென்று பார்ட்டன் துரை ஞாபகம் வந்துவிட்டது. துரை என்றால் அவருக்குப் பிடிக்காது. நமக்கு வாய் பழகிவிட்டதே, என்ன செய்ய?

பல வருஷத்துக்கு முன்னால், சென்னையில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாகப் புதிதாக வந்திருந்த அவர், ராஜபாளையத்தில் எங்கள் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தார். மொழிபெயர்க்க என்னைப் பிடித்துப் போட்டார்கள். பேருக்கு ஆங்கில டீச்சர். அதுவரை ஒரு வெள்ளைக்காரரிடமும் பேசியதில்லை. அவர் சொன்ன "குட் மார்னிங்"கையே இரண்டு தரம் சொல்ல வைத்தேன்.

விழா முடிந்து கிளம்பும்போது மகாராஜபுரத்து முத்துலட்சுமி காரை மறித்தாள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரர். முதலாளி கைவிட்டுவிட, கரையிறங்க அனுமதி இல்லாமல் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் கப்பலோடு மாட்டிக்கொண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அவிய மூஞ்சியப் பாத்து எம்புட்டு நாளாச்சு! நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாவ."

பார்ட்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னால் என்ன முடியும் என்று பார்ப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். எதற்கும் பிடிகொடுக்காத உத்தியோகப் பேச்சு. பதற்றத்தில் நான், "பாத்துச் செய்றேங்கிறாரு" என்றேன்.

நம் ஊரில் அப்படிச் சொன்னால் காரியம் முடிந்த மாதிரி. முத்துலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாக்குக் குடுத்துட்டாவ!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். திருத்திச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

அதன்பின் ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்தாள்.

"செய்றேன்னாவள்லா டீச்சர்? பொறவென்ன, செய்வாவ."

அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் என் தப்பை ஒப்புக்கொண்டு பார்ட்டனுக்கு எழுதிப்போட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். பதில் இரண்டே வரி: 'அப்படியானால் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி செய்துதானே ஆகவேண்டும்.'

உன் வேலையைப் பார் என்று மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். ஆனாலும் இங்கிலாந்துக்கு விடாமல் எழுதியிருக்கிறார். மூன்றாம் மாதம் சமையல்காரர் தாடியும் மீசையுமாக ஊர் வந்து சேர்ந்தார். முத்துலட்சுமி என் வீட்டில் ஒரு கூடை மாங்காயை இறக்கிவிட்டுப் போனாள்.

பார்ட்டன் பிறகு நாலைந்து நாடுகள் சுற்றி, தூதராகவே உயர்ந்தார். எந்த நாட்டில் இருந்தாலும் புதுவருஷ வாழ்த்து வந்துவிடும். அடியில் கோணல் தமிழில் 'பாத்துச் செய்றேன்' என்று எழுதியிருக்கும். இந்த வருஷம் வாழ்த்து வரவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்று அவர் மகள் எழுதியிருந்தாள். சொந்த மனுஷர் போனதுபோல அழுதேன்.

பால்கோவாப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அவர் அன்று சொன்ன ஆங்கில வாக்கியத்தை செல்போனிடம் சொல்லிப் பார்த்தேன். "என்னால் என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறேன்" என்றது, நொடியில். ஒரு பிழை இல்லை. அன்றைக்கு நானும் இப்படிச் சரியாகச் சொல்லியிருந்தால், முத்துலட்சுமி அழுதுகொண்டேதான் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பாள்.