கருவிக்குள் உடைந்தவை

அந்தத் தாளில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று தரையோடு தரையாகக் கிடந்தது. மற்றது குன்றுபோல எழுந்து நின்றது. இரண்டும் ஒரே காலையில், சிவகாசிக்கு வெளியே ஒரு கல்லூரி மாடியில், ஒரே காற்றை அளந்து வரைந்தவை. அதை என் முன்னால் விரித்தவர் எங்கள் ஆய்வுக் குழுவில் கருவியைக் கவனித்துக்கொண்ட அக்கா.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு தீபாவளி சீசன். மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியோடு வந்திருந்தோம். கந்தகப் புகையிலிருந்து பிறக்கும் அமில மூலக்கூறுகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துகளாகும். கொத்து வளர்ந்தால் நெஞ்சுக்குள் இறங்கும் நுண்துகள். கொத்துகளே இல்லை என்றது கருவி. அக்கா நம்பவில்லை. கருவியின் வாய்ப்பகுதியில் மூலக்கூறுகளை உள்ளே இழுக்கும் மின்னழுத்தத்தைக் குறைத்து மறுபடி அளந்தார். குன்று எழுந்தது.

"காத்துல சேந்துதான் இருக்கு. நாமதான் வேகமா உள்ள இழுத்து, மோத விட்டு ஒடச்சிருதோம். ஒடச்சிட்டு, ஒண்ணுமே இல்லைங்கோம்" என்றார்.

குழுவின் தலைவரான பேராசிரியர் தாளைப் பார்த்தார். பட்டாசு ஆலைப் பகுதியின் காற்றைப் பற்றிய எங்கள் அறிக்கை அந்த வாரமே போக வேண்டும். அக்காவின் அம்மா ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு ஆலைத் தொழிலாளி, இருமலோடு வேலைக்குப் போகிறவர் என்பது அவருக்குத் தெரியும். "அம்மாவை நினைச்சுக்கிட்டு அளவெடுக்கக் கூடாதும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்: "நீங்க என்ன சொல்றீங்க?"

என் வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருந்தது. "இன்னும் சரிபார்க்கணும் சார்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அச்சப்பட ஏதுமில்லை என்று அறிக்கை போனது. முகமூடி கேட்ட பெண்களிடம் ஆலை மேலாளர் அதைத்தான் நீட்டினாராம். அக்கா வேலையை விட்டார். சில ஆண்டுகள் கழித்து, கொத்துகள் கருவிக்குள் உடைவதைப் பற்றிப் பேராசிரியர் கட்டுரை வெளியிட்டார். இரண்டாவது பெயர் என்னுடையது. அக்காவின் பெயர் இல்லை.

ஒருமுறை தேடிப் போனேன். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா இறந்து ஒரு வருடமாகியிருந்தது.

"எப்ப வந்தே? சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். கட்டுரையைப் படித்திருந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீக" என்றார், திடீரென்று மரியாதையாக. பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே பஸ் ஏறினேன்.

இப்போது என் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதலில் மின்னழுத்தத்தைக் குறைத்து மறுபடி அளக்கும் அந்தச் சோதனையைத்தான் கற்றுத்தருகிறேன். சென்ற மாதம் ஒருத்தி கேட்டாள்: "மேடம், இதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

"எங்க குழு" என்றேன்.