டாக்டரும் டமாரமும்

எங்கள் வேலையிடத்தில் என் அத்தானுக்கு டாக்டர் என்று பெயர். அக்கா வீட்டுக்காரர் என்பதற்காக நான் தூக்கிப் பேசவில்லை, எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர்தான். ஏசி ஓடவில்லை என்று ஒரு வண்டி வந்து நின்றால் மற்ற மெக்கானிக்குகள் கரண்ட் பார்க்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அத்தான் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முனையை மெஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம், "பேரிங் தேஞ்சிருக்கு, மாத்து" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்துதான் இருக்கும். இப்படியே காலம் ஓடியதில் மனிதருக்குத் தலைக்கனமும் கூடவே ஏறிவிட்டது.

நாங்கள் வாடகைக்கு விடுவது வீட்டு வண்டி. சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்களே, அதுதான். உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, கழிவறை, கூரை மேல் ஒரு ஏசி. குடும்பமாக நாலு ஊர் சுற்ற நினைப்பவர்கள் எடுத்துப் போவார்கள். திரும்பி வந்த வண்டியைக் கழுவி, விரிப்பு மாற்றி, தண்ணீர் நிரப்பி, ஏசியின் ஃபில்டரை அலசி மாட்டுவது என் வேலை. கொட்டகைக்குள் அவர் எனக்கு அத்தான் இல்லை, டாக்டர்தான். நானும் தங்கியிருக்கும் அக்கா வீட்டில் மட்டும் அத்தான்.

அவர் திமிரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கேள்வி கேட்டால் பாதி நேரம் பதில் வராது. "பெரிய மகாராஜா, நம்ம பேச்சு காதுல ஏறுமா" என்று வண்டி கழுவுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கும் பற்றிக்கொண்டு வரும். அக்காவிடம் சொன்னால், "அவர் சுபாவம் அப்படி, விடேன்" என்று பேச்சை மாற்றிவிடுவாள். கொஞ்ச காலமாக ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியைக் காதில் வைக்காமல் பல்லால் கடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். இது என்ன புதுப் பந்தா என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் இருக்கும் வாட்ச்மேனுக்குக் காது மந்தம். காதில் மெஷின் மாட்டியிருப்பார். அவருக்கு டமாரம் என்று பெயர் வைத்தது சாட்சாத் என் அத்தான்தான். டமாரச் செவிடு என்பதைச் சுருக்கி டமாரம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் கேட்டைத் தாண்டிப் போகும்போது அத்தான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக் காட்டுவார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நானும்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அத்தானின் பேச்சே வேறு.

"அந்த டமாரம் தெனமும் காலைல என்னப் பாத்து வாய்க்குள்ள என்னமோ முனகுறான். என்னத் திட்டுறான். ஒரு நாளைக்கு அவன நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கப் போறேன்."

"கேட்டுடுங்களேன்" என்பேன் நான். கேட்க மாட்டார். நான் பஸ்ஸில் அவருக்குப் பிறகுதான் போவேன் என்பதால், காலையில் வாசலில் நடப்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் வாட்ச்மேனை நான் முறைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

அன்று ஒரு குடும்பம் வண்டி எடுக்க வந்தது. மாமியார், மகன், மருமகள், அவர்களுடைய சின்னப் பிள்ளை. மாமியார் அதுவரை கடல் பார்த்ததில்லையாம், கூட்டிப் போகிறார்கள். வெயில் ஏறாத நேரம், வண்டி நிழலில் நின்றது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"சார், மேல 'டக்'குனு ஒரு சத்தம் வருது. விட்டு விட்டு வருது" என்றாள்.

அத்தான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரைக் கூரையில் ஊன்றிக் கைப்பிடியைக் கடித்தார். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது. கதவத் தெறந்து தெறந்து போடாதீங்க, அது போதும். இந்த வண்டில பாதிப் பேருக்குக் கதவ மூடத் தெரியாது" என்றார். மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கேட்டுக்கிட்டியா? கதவ மூடணுமாம்." மருமகளுக்கு முகம் சிறுத்துப்போனது. வண்டி கிளம்பியது.

மறுநாள் உச்சி வெயிலில் அதே வண்டி திரும்பி வந்தது. அவர்கள் கடல் வரை போகவேயில்லை. கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல அனல் அடித்தது. மாமியார் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வழியில் மயக்கம் வந்து விழுந்துவிட்டாராம். அந்த நிலையிலும் வாய் மட்டும் ஓயவில்லை.

"நீங்க அப்பவே படிச்சுப் படிச்சு சொன்னீங்க தம்பி. இவ கேட்டாத்தானே? பிள்ளைய எறக்குறேன், தண்ணி பிடிக்கிறேன்னு கதவத் தெறந்து போட்டே ஏசியக் கெடுத்துட்டா. என் ஆயுசுல ஒரு தடவ கடல் பாக்கலாம்னு வந்தேன்."

மகன் தரையைப் பார்த்தான். மருமகளின் கண் சிவந்திருந்தது, வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. அத்தான் என்ன செய்தார் தெரியுமா? தலையை ஆட்டினார். ஆமாம், கதவுதான் என்கிற மாதிரி.

பிறகு உள்ளே ஏறி ஸ்விட்சைப் போட்டார். காற்று வந்தது, குளிர் வரவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கடித்துக் கண்ணை மூடினார். "கம்ப்ரஸர் ஓடுதே" என்றார்.

நான் ஃபில்டரைக் கழற்ற அவர் பக்கத்தில்தான் நின்றேன். தலைக்கு மேலே 'ம்ம்ம்' என்று ஒரு முக்கல், அப்புறம் 'டக்'. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் முக்கல், மறுபடியும் 'டக்'. காற்றை வீசும் ஃபேன் பாட்டுக்கு ஓடுகிறது. காற்றைக் குளிர வைக்கும் கம்ப்ரஸரோ எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஃபில்டர் கழுவுகிற எனக்கே புரிகிறது.

"இப்பக்கூட வந்துச்சே சார்" என்றாள் மருமகள், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. அவர் திரும்பவில்லை. "சார்!" என்றாள். அப்போதும் திரும்பவில்லை.

கூப்பிட்டால் திரும்பாதது, வாயையே பார்ப்பது, காதை விட்டுப் பல்லால் கடித்து அதிர்வைப் பிடிப்பது, எல்லாம் ஒரே நொடியில் வந்து முன்னால் நின்றது. அத்தான் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன படித்தாரோ, ஏணியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று கூரை மேல் ஏறிவிட்டார். நானும் பின்னாலேயே ஏறி எட்டிப் பார்த்தேன்.

மூடியைக் கழற்றியிருந்தார். கம்ப்ரஸரின் மேல் கையை வைத்து, சுட்டதும் எடுத்தார். பக்கத்தில் இருந்த கெபாசிட்டர் மண்டை உப்பிப்போய் இருந்தது. கம்ப்ரஸரை எழுப்பிவிடும் சின்ன டப்பா அது, மாற்றினால் தீர்ந்தது வேலை. முந்தின நாளே மீட்டரை வைத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கொதிக்கிற கூரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார். என் அத்தான் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "வேலை போயிடும். அதுகூடப் பரவால்ல. டமாரம்னு என்னையே கூப்பிடுவாங்க."

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். அவரும் இறங்கி வந்தார். கெபாசிட்டரைக் காட்டி, "வழில போயிருக்கு. இப்ப மாத்திடுறேன்" என்றார். அழகான பொய். யாருக்கும் சந்தேகம் வராது. நானே அப்பாடா என்று மூச்சு விட்டேன், வெட்கமில்லாமல்.

மாமியார் விடவில்லை. "வழில ஏன் போச்சு? இவ கதவத் தெறந்து போட்டதாலதானே?"

மருமகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினாள். அத்தானைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒதுங்கி வழி விட்டார். அவள் ரெண்டு எட்டு வைப்பதற்குள் அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"இல்லம்மா! வழில போகல. நேத்தே போயிருச்சு. உங்க மருமக சொன்னாங்களே சத்தம், அது இதோட சத்தம்தான். அவங்களுக்குக் கேட்டுச்சு. எனக்குத்தான் காது கேக்கல!"

தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. கொட்டகை முழுக்கக் கேட்டது. வண்டி கழுவுகிறவர்கள் குழாயை நிறுத்தினார்கள். ஆபீஸ் அறையிலிருந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். வாசலில் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அத்தான் கூனிக் குறுகி நின்றார். அதற்கு முன் அவரை நான் குள்ளமாகப் பார்த்ததேயில்லை.

மாமியார் தலையிலிருந்த துண்டை எடுத்தார். மருமகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இந்தா, உள்ள வா. வெயில்ல நிக்காத" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. அவள் உடனே வந்துவிடவில்லை. வேண்டுமென்றே வெயிலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வந்தாள். நல்லா நில்லு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கெபாசிட்டர் மாற்றியதும் ஏசி ஜம்மென்று குளிர்ந்தது. இன்னொரு நாள் சேர்த்து ஓட்டிக்கொள்ளுங்கள் என்று முதலாளியம்மா அவர்களைக் கடலுக்கு அனுப்பினார். அப்புறம் அத்தானைக் கூப்பிட்டு எதிரே நின்று, வாய் தெரியும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "இனிமே மீட்டர் வச்சுப் பாக்காம எந்த வண்டியும் வெளிய போகக் கூடாது. முதல்ல காதுக்கு வைத்தியம் பாருங்க." வேலை தப்பியது. ஆனால் அத்தான் அதற்குச் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவேயில்லை. அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அவளுக்கு முன்னாடியே தெரியுமாம். "டிவிய அலற விட்டுட்டு, எனக்காகத்தான் வைக்கிறதா சொல்லுவாரு. நானும் ஆமாம்னு எனக்கே காது மந்தம்னு அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்ப மறுத்தார். "அந்த டமாரம் மூஞ்சில எப்படி முழிப்பேன்? இன்னைக்கு வாய்விட்டே சிரிப்பான்" என்றார். அக்கா என்னை அவர் பைக்கில் பின்னால் ஏற்றி, "வாசல் தாண்டுற வரைக்கும் கூடவே இரு" என்று அனுப்பி வைத்தாள்.

வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல எழுந்து நின்று, ஒரு கையை லேசாக உயர்த்தி ஏதோ சொன்னார். சன்னமான குரல், ஆனாலும் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அத்தானின் முதுகு விறைத்தது. வண்டியை நிறுத்தினார், இறங்கினார். தரையைப் பார்த்தபடி, இத்தனை காலமாக யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"என்ன சொன்னீங்க? கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

வாட்ச்மேன் அவர் பக்கத்தில் வந்து, காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

"வணக்கம் டாக்டர்னு சொன்னேன். தெனமும் அதத்தான சொல்றேன்."

அத்தான் வாயைத் திறந்தார். பதில் வணக்கம் சொல்லத்தான் பார்த்தார், ஆனால் சத்தமில்லாமல் வாய்தான் அசைந்தது. கையை மட்டும் கூப்பி, அதை இறக்கவும் தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.