மூன்று நாள் அம்மை

எங்கள் சித்தப்பா இராக்குக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தவர். இன்றும் இருக்கிறார். எழுபதைத் தாண்டியும் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, நடுவில் சண்டை வரும் இடத்தில் சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

கொரோனா அடங்கிய புதிதில் மகனைப் பார்க்க நான் விமானம் ஏற வேண்டியிருந்தது. என்ன ஊசி, எத்தனை ஊசி, எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு சான்றிதழ். இங்கே போட்ட ஊசி அங்கே செல்லுமா செல்லாதா என்று ஒரு வழக்கு. சித்தப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன்னையும் கேக்கறானுங்களா? நல்லா வேணும். எனக்கு நீ இன்னா பண்ண, ஞாபகம் கீதா இல்லியா?"

நன்றாகவே இருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் இடையில், ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. தம்பியைப் பெற்றெடுக்க அம்மா தாய்வீட்டுக்குப் போயிருந்ததால் வீட்டில் அப்பா, சித்தப்பா, அத்தை, நான் என்று நான்கே பேர். அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். சித்தப்பா பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது ஊருக்குள் பெரியம்மை வந்து அவர்களுடைய தாயாரைக் கொண்டுபோய்விட்டது. அத்தைக்கும் கண்டது, பிழைத்துக்கொண்டாள். முகம் முழுக்க வடு. பதினான்கு வயதில் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், அதற்கப்புறம் மனசால் இறக்கிவிடவே இல்லை. அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யாரும் பெண் கேட்டு வரவில்லை என்று ஊரில் ஒரு கட்சி சொல்லும். தம்பியை விட்டுப் போகமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள் என்று இன்னொரு கட்சி சொல்லும். அம்மை என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது. 'ஆத்தா' என்பாள். சொல்லும்போதே கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

சித்தப்பா ஆயில் இன்ஜின் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் இன்ஜின் நின்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார். ஸ்பானரை எடுத்துக் கொடுப்பதும், கழற்றிய நட்டுகளை மடியில் வைத்துக் காப்பதும் என் வேலை. எனக்கு 'அசிஸ்டென்ட்' என்று பட்டமும் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் என் பெயரைவிட அந்தப் பட்டத்தில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

அப்படிப்பட்டவருக்கு இராக்கில் பம்ப் ஃபிட்டர் வேலை என்று மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவர் ஆசை காட்டினார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு, போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்து, மோர் குடித்துவிட்டுப் போய், அதெல்லாம் ஒருவழியாக முடிந்தது. கடைசியில் அம்மை குத்திக்கொண்டு மஞ்சள் புத்தகம் ஒன்றில் முத்திரை வாங்க வேண்டும் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் எங்குமே பெரியம்மை இல்லை என்று அதற்குள் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அம்மை கண்டவரைக் காட்டினால் பரிசு என்று எங்கள் ஊர்ச் சுவரில் எழுதிவைத்த எழுத்துகூட வெயிலில் பாதி உதிர்ந்திருந்தது. ஆனால் அந்த நாட்டுப் படிவத்தில் அம்மைக்கென்று ஒரு கட்டம் இருந்தது. நோய் போய்விட்டது, கட்டம் போகவில்லை.

உத்திரமேரூர் ஹெல்த் இன்ஸ்பெக்டர்தான் குத்திவிட்டு முத்திரை போட்டுக் கொடுத்தார். சித்தப்பாவுக்குத் தோள் வீங்கிக் காய்ச்சலும் வந்தது. அத்தை தலையணைக்கடியில் வேப்பிலையைச் செருகிவிட்டுத் திட்டித் தீர்த்தாள்.

"வூட்டுக்கு வராதவள ஊசியில ஏத்திக்கினு வந்துகீறியே, உனக்கு இன்னா பேஜாருடா இது?"

ஆடி கடைசியில் ஒரு புதன்கிழமை ஏஜெண்டிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா உரக்கப் படித்தார். இராக்குக்கும் பக்கத்து நாட்டுக்கும் எல்லையில் தகராறு முற்றுகிறது, எந்த நேரத்திலும் புது ஆட்களை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், இந்தக் குழுவோடு போனால்தான் உண்டு, சனிக்கிழமை இரவுக்குள் மெட்ராஸில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. போனால் மூன்று வருஷம் திரும்ப முடியாது என்று அப்பா சொன்னார். சித்தப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கிணற்றுக்குக் கிணறு அலைந்த மனுஷன், பம்பாய் போய் விமானத்தில் ஏறப்போகிறார். நானோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் என்றால் நான் ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பேன். அதுவரை அசிஸ்டென்ட் யாருக்கு அசிஸ்டென்ட்?

எங்கள் ஊரிலும் பயணத்துக்குச் சட்டம் உண்டு. முத்திரையும் படிவமும் இல்லாத சட்டம். ஆனால் அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் ஆத்தா வந்துவிட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது. அந்த வீட்டில் படுத்தெழுந்தவர் எவரும் அம்மை இறங்கி மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆத்தாவின் கோபம் படுத்திருப்பவர் மேல் திரும்பும். இந்தச் சட்டம் எனக்குத் தெரியும். மாட்டு வைத்தியத்துக்காக அத்தை ஒரு டப்பாவில் சேராங்கொட்டை வைத்திருப்பதும் தெரியும். அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும் என்று அதைத் தொட்டதற்காக ஒருமுறை அடியே வாங்கியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எட்டு வயது மூளை போதும்.

அன்று சாயங்காலமே மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊசியால் கொட்டையைக் குத்திக் குத்தி, கையிலும் மார்பிலும் கழுத்திலுமாகப் பதினோரு இடத்தில் வைத்துக்கொண்டேன். விடியும்போது எரிச்சல் உயிர் போனது. அழுகை மட்டும் நிஜமானது.

அத்தை வந்து உட்கார்ந்தாள். என் கையைத் திருப்பிப் பார்த்தாள், சட்டையை விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆத்தா வந்துகீறா. ஒருத்தரும் எல்லை தாண்டக் கூடாது."

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அத்தை என் பாயைக் கொண்டுவந்து உள்ளறை வாசற்படிக்கு நேர் குறுக்கே போட்டாள். அந்த அறைக்குள்தான் சித்தப்பாவின் தகரப் பெட்டி, பாஸ்போர்ட், மஞ்சள் புத்தகம் எல்லாம் இருந்தன. அம்மை கண்டவரைத் தாண்டிப் போவது பெரிய பாவம். சித்தப்பா பாய்க்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினார்.

"அக்கா, பாயக் கொஞ்சம் நவுத்தினா பொட்டிய எடுத்துப்பேன்."

"ஆத்தாளத் தாண்டிப் போவியா நீ? இங்கதான் காத்து வருது. அவ இங்கதான் படுப்பா."

அங்கே காற்று வந்ததாக எனக்கு நினைவில்லை. ஜன்னல்கூடக் கிடையாது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

வேப்பிலையால் விசிறுவதும் கூழ் கரைத்துக் கொடுப்பதுமாக அத்தை என்னைத் தாங்கினாள். அம்மை வீட்டில் தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது. நால்வருக்கும் கூழும் மோரும்தான். ஆனாலும் அத்தை அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சித்தப்பாவுக்குக் கேட்காமலே இரண்டாம் கரண்டி ஊற்றுவாள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்குத்தான் வெள்ளிக்கிழமையே சந்தோஷம் கெட்டுவிட்டது. அப்பா சித்தப்பாவிடம் மெதுவாக, "சாமி கும்புட்டுட்டுக் கெளம்புடா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது காதில் விழுந்தது.

"வாணாம்ண்ணா. நான் போயி பாப்பாவுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா? வேல போனாப் போவுது. எனக்கு அவ நல்லாயிட்டா போதும்."

சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். கொட்டகையில் மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அவர் நின்றதை, அவர் திறந்துவிட்டுப் போன கொல்லைக் கதவு வழியாகப் படுத்த இடத்திலிருந்தே பார்த்தேன். முதுகு குலுங்கியது. எனக்காக ஒரு மனுஷன் தன் விமானத்தையே விட்டுவிட்டார்; நானோ சேராங்கொட்டையைப் பூசிக்கொண்டு படுத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் ஆத்தாவின் பெயரைச் சொல்லி ஏமாற்றியவளை அத்தை என்ன செய்வாள் என்று நினைத்ததுமே நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என்னைக் காட்டிக்கொடுத்தது சுவரில் பாதி உதிர்ந்த அந்த எழுத்துதான். எங்கள் வாசலில் வேப்பிலையைப் பார்த்த டீக்கடைக்காரர், பரிசு தனக்குத்தான் என்று சைக்கிளை மிதித்து உத்திரமேரூருக்கே போய்ச் சொல்லிவிட்டார். உலகத்தை விட்டே போன நோய் இந்த ஊரில் இருப்பதாகச் சொன்னால் சும்மா இருப்பார்களா? சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. அதே ஹெல்த் இன்ஸ்பெக்டர். சித்தப்பாவின் புத்தகத்தில் தானே முத்திரை போட்ட வீட்டில் அம்மை என்றதும் அவருக்கு முகம் வெளுத்திருந்தது. உண்மையாக இருந்தால் சித்தப்பாவை மட்டுமில்லை, ஊரையே நகரவிட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் ஒருமுறைதான் பார்த்தார். அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

"சேராங்கொட்டை" என்றார். பிறகு அத்தையைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க நிஜத்தைப் பார்த்தவங்க ஆச்சே. உங்களுக்குத் தெரியலையா?"

அத்தை தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு இன்னா சார் தெரியும், படிக்காதவ."

ஜீப் போனது. இனி அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால், சித்தப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் கண் நிறைந்திருந்தது.

"அக்கா, பஸ்சு ரெண்டு மணிக்கு" என்று மட்டும் சொன்னார்.

அத்தை எழுந்து தன் கையாலேயே என் பாயைச் சுருட்டினாள். மூன்று நாளைக்குப் பிறகு அடுப்பில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தது. புளிசாதம் கிளறி வாழையிலையில் கட்டி, சித்தப்பாவின் கையில் கொடுத்தாள். போய் வா என்று சொல்லவில்லை. "ராத்திரிக்கே துண்ணுடு, ஊசிப்பூடும்" என்றாள். சித்தப்பா என் பக்கம் குனிந்து, "தேங்காயெண்ண தடவு அசிஸ்டென்டு, எரியாது" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தக் குழுவுக்கு அப்புறம் ஏஜெண்ட் யாரையும் அனுப்பவில்லை. புரட்டாசியில் அங்கே சண்டை மூண்டுவிட்டது. போவதற்குத்தான் அத்தனை காகிதம் என்று நினைத்திருந்தோம். திரும்பி வருவதற்கும் காகிதம் வேண்டும், அது கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிறது, விமானமும் இறங்குவதில்லை என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. மறு வருஷம்தான், பாலைவனத்தில் பஸ்ஸில் போய், சண்டையில் சேராத இன்னொரு நாட்டில் விமானம் பிடித்து, சித்தப்பா இளைத்துக் கறுத்து வந்து சேர்ந்தார். நடுவில் மூன்று மாதம் ஒரு கடிதமும் இல்லை. அத்தை தபால்காரர் வரும் நேரத்தில் எந்த வேலையும் செய்யமாட்டாள்.

சண்டை மூண்டு ஒரு மாதம் ஆன அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம், வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் தபால் இல்லை. அத்தை முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கையை நிறுத்திவிட்டு, மழையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு நாளு நாம ரெண்டு பேரும் அவனப் புடிச்சி வெச்சிருந்தா போயிருக்க மாட்டான்டி."

எனக்குப் பாவமாக இருந்தது. செய்தது நான் ஒருத்தி. அத்தை என்னை நம்பி ஏமாந்தவள். அவள் எதற்காகத் தன்னையும் இதில் சேர்த்துக்கொண்டு மனசை வருத்திக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்ணுமே பண்ணலியே அத்தே, நான்தான பண்ணேன்" என்று ஆறுதல் சொன்னேன்.